பெயர் போகாத போர்வை

தோட்டத்தில் ஆசிரியை என்றால் தவறே செய்யாதவள் என்று ஒரு நினைப்பு உண்டு. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையை மூடினார்கள். அங்கே முப்பது வருடத்துக்கும் மேலாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, ஜாசினில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதாக முடிவாயிற்று. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் தூங்கும் குழந்தையை அப்படியே அவர் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் பள்ளி மாணவர்களில் அநேகமாக எல்லாருமே அந்த மடியில் கிடந்தவர்கள்தாம். வெறுங்கையோடு அவரை அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு இரண்டும் சேர்ந்து முப்பது பிள்ளைகள். ஆளுக்கொரு சதுரம், கால் மீட்டர் அளவு. நடுவில் வெள்ளைத் துணி. சுற்றிலும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழந்துணி. அம்மாவின் நூல் சேலை, அப்பாவின் கட்டம் போட்ட சட்டை, தாத்தாவின் கைலி, தங்கைக்குச் சிறியதாகிவிட்ட பாவாடை. முப்பதையும் சேர்த்துத் தைத்து, அடியில் ஒரு பழைய கம்பளியை வைத்து, நூலோட்டி முடித்தால் ஒரு போர்வை. நடுவிலுள்ள வெள்ளைத் துணியில் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதவேண்டும். எழுதுவதற்கு நான் கொடுத்தது என்ன தெரியுமா? பள்ளி அலமாரியில் கிடந்த மார்க்கர் பேனா. மூடியில் 'பெர்மனன்ட்' என்று போட்டிருந்ததே, அது போதாதா?

ஒரு மாணவி மட்டும் எழுதவில்லை. பாட்டியிடம் சிவப்பு நூல் வாங்கி வந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் முடித்து இரண்டு நாளாகியும் அவள் பெயரில் பாதிகூட ஆகவில்லை. "ஏம்மா, ஊரெல்லாம் ஒரு வழி, நீ மட்டும் ஒரு வழியா?" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன்.

அடுத்த பொங்கலுக்கு ஆயா தோட்டத்துக்கு வந்தார். போர்வையும் பையில் வந்தது.

"டீச்சரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ளைங்க பேரெல்லாம் போயிருச்சு" என்றார்.

விரித்துப் பார்த்தேன். முப்பதில் இருபத்தொன்பது பெயர்கள் காணோம். சிலவற்றில் மங்கலாக ஒரு ஊதா நிழல். சிலவற்றில் அதுவும் இல்லை. ஒரே ஒரு பெயர் சிவப்பாக, தைத்த அன்று இருந்தது போலவே இருந்தது. யாருடையது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜாசினில் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு சதுரமாக விரலை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். பெயர்கள் மங்கத் தொடங்கியபோது சோப்பைக் குறைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு துவைப்பதையே நிறுத்திவிட்டார். அப்படியும் வெயிலில் உலர்த்தியதில் மிச்சமும் போய்விட்டது. இதைக் கேட்ட பிறகுதான், துணியில் பெயர் நிற்பது எப்படி, போவது எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

மை ஏன் போகிறது?

மை இரண்டு வகை. ஒன்று சாயம், சர்க்கரை தண்ணீரில் கரைவது போல ஏதாவது ஒரு திரவத்தில் கரைந்திருப்பது. மற்றொன்று நிறமி, கரையாத மிக நுண்ணிய தூள், திரவத்தில் மிதந்துகொண்டிருப்பது. நாம் பள்ளியிலும் கிராணி ஆபீசிலும் பயன்படுத்தும் பந்துமுனைப் பேனாவிலும், சாதாரண மார்க்கரிலும் இருப்பது பெரும்பாலும் சாயம்தான். மார்க்கரின் சாயம் சாராயத்தில் கரைந்திருக்கிறது. எழுதியதும் சாராயம் ஆவியாகி, சாயம் ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடியிலும் தகரத்திலும் தண்ணீர் பட்டால் அழியாது; 'பெர்மனன்ட்' என்று எழுதியிருப்பதற்கு அதுதான் அர்த்தம். பருத்தித் துணியோ இழைகளுக்கு நடுவே மையை உறிஞ்சிப் பரப்பும். எழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் விழும். சோப்புத் தூளும் குளோரோக்ஸும் சாயத்தைச் சிதைக்கும். அவை விட்டதை வெயில் எடுத்துக்கொள்ளும்.

நிறமி அப்படியல்ல. கறுப்பு நிறமி என்பது பெரும்பாலும் கரிதான். அகல் விளக்குப் புகையைப் பிடித்துக் கண்மை செய்கிறோமே, அதே கரி. கரியை வெயில் வெளுக்காது, குளோரோக்ஸும் அசைக்காது. சீனர்கள் தூரிகையால் எழுதும் மை நூற்றாண்டுகள் கடந்தும் கறுப்பாக நிற்பதற்கும் இதுவே காரணம். 1982-ஆம் ஆண்டு ஜப்பானின் சக்குரா நிறுவனம் இத்தகைய நிறமியை மெல்லிய பேனாவில் அடைக்கும் மையை 'பிக்மா' என்ற பெயரில் வெளியிட்டது. இன்று வேறு நிறுவனங்களும் இதுபோன்ற பேனாக்களைச் செய்கின்றன. படம் வரையும் பொருள்கள் விற்கும் கடையில் 'நிறமி மை' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

வண்ணான் குறியும் கம்பெனி சாப்பும்

துணியில் அழியாத அடையாளம் போடுவது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் சலவைத் தொழிலாளர்கள் ஊர்த்துணி முழுவதையும் ஒன்றாகத் துவைத்துவிட்டு, யாருடையது எது என்று தடுமாறாமல் வீடு வீடாகக் கொடுப்பார்கள். துணியின் ஓரத்தில் இருக்கும் சிறு புள்ளியும் கோடும்தான் அவர்களுக்குக் கணக்குப் புத்தகம். அதைப் போட்டது சேங்கொட்டையின் சாற்றால். சுண்ணாம்பு சேர்ந்ததும் அது கறுத்து இறுகிவிடும். துணி கிழியும்வரை குறி போகாது. ஆங்கிலத்திலும் அந்தக் கொட்டைக்குக் 'குறியிடும் கொட்டை' என்ற பொருளில்தான் பெயர்.

பாட்டி சொன்னார் என்று யாரும் நாட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள்! சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் சொறி வர, மருத்துவர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். சட்டைக் கழுத்திலும் கால்சட்டை இடுப்பிலும் போட்டிருந்த வண்ணான் குறிதான் காரணம் என்று கண்டுபிடித்து, 1943-இல் எழுதியிருக்கிறார்கள். குழந்தை போர்த்தும் துணிக்கு அது ஆகவே ஆகாது.

அன்னபேதியும் கடுக்காயும் சேர்த்துக் காய்ச்சும் பழைய கறுப்பு மையும் வேண்டாம். அதிலுள்ள இரும்பு நாளடைவில் பருத்தி இழையை அரித்துவிடும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழும். வெள்ளி நைட்ரேட் கலந்த சலவைக் குறி மை ஒரு காலத்தில் இருந்தது. இந்தியாவில் 1962 முதலும் நம் நாட்டில் 2013 முதலும் தேர்தலில் விரலில் வைக்கும் மையின் கதையும் இதே உப்பைச் சேர்ந்ததுதான். வீட்டில் வைத்துக் கையாளக் கூடிய சரக்கல்ல, அதையும் விட்டுவிடுவோம்.

நம் மலாக்காவுக்கே ஒரு பழங்கதை உண்டு. சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர்கள் இந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த முக்கியச் சரக்கு துணிதான். காஜா பெராங்கில் உள்ள மலாக்காச் செட்டிகள் அந்த வணிகர்களின் வழி வந்தவர்கள் என்பதை அறிவீர்கள். 1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் அதே துணி வியாபாரத்தில்தான் கண்ணாக இருந்தது. கம்பெனி தன் துணியில் 'வி.ஓ.சி.' என்ற மூன்று எழுத்துகளையும் பின்னிச் சாப்பு குத்தியது. இந்தோனேசியத் தீவுகளில் சில குடும்பங்கள் இத்தகைய துணிகளைப் பரம்பரைச் சொத்தாகக் காத்து வைத்திருந்தன. கம்பெனி 1799-இல் கலைந்துபோயிற்று; சாப்பு நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் இன்று அறிஞர்கள் துணியின் வயதைக் கணிக்கிறார்கள். நெய்தவன் பெயரும் சாயம் தோய்த்தவன் பெயரும் அதில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் துணிகளின் சிவப்பு எங்கிருந்து வந்தது? சாயவேரிலிருந்து. படிகாரம் ஊட்டிய பருத்தியில் அந்த வேரின் சாயம் ஏறினால் எளிதில் விடாது. ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படுக்கை விரிப்புகளில் பெயரெழுத்துத் தைக்க, சாயம் ஓடாத ஒரு வகைச் சிவப்பு நூலைத்தான் பயன்படுத்தினார்கள். என் மாணவியின் பாட்டிக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரிந்திருக்காது. சிவப்பு நூல் நிற்கும் என்பது தெரிந்திருந்தது.

சாங்கிச் சிறையில் தைத்த பெயர்கள்

பெயர் தைத்த போர்வைகளில் உலகப் புகழ் பெற்றவை நமக்கு வெகு அருகில்தான் பிறந்தன. 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும், ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். கணவன்மார் வேறு இடத்தில் கைதிகள். மனைவி உயிரோடு இருக்கிறாளா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. கடிதம் எழுத அனுமதியில்லை. எத்தல் மல்வனி என்ற கனடா நாட்டுப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். மருத்துவமனையில் கிடக்கும் காயம்பட்ட வீரர்களுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கிறோம் என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள் அல்லவா? ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரம். தன் மனதில் உள்ள எதையாவது தைத்து, கீழே பெயரையும் தைக்கவேண்டும்.

ஒவ்வொன்றிலும் அறுபத்தாறு சதுரங்களாக மூன்று போர்வைகள் உருவாயின: ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு, ஒன்று ஜப்பானியருக்கு. ஜப்பானியருக்கும் ஒன்று தைத்ததில் இருக்கும் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். போர்வை மருத்துவமனைக்குப் போயிற்று. அதோடு பெயர்களும் போயின. இன்று இரண்டு போர்வைகள் கான்பெரா நகரில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. பெயர்களை இன்றும் படிக்கலாம்.

ஆஸ்திரேலியப் போர்வையின் பின்பக்கத்தைப் பற்றிப் படித்தபோது நான் சிரித்தே விட்டேன். யார் யாருக்குக் கொடுத்தது, எந்த வருடம், போர் முடிந்ததும் யாரிடம் சேர்க்கவேண்டும் என்றெல்லாம் தைத்துவிட்டு, கடைசியில் இதைத் தண்ணீரில் துவைக்காமல் உலர்சலவை செய்வது நல்லது என்றும் தைத்திருக்கிறார்கள். சிறையில், அரை வயிற்றுச் சோற்றோடு இருக்கும்போது! குடும்பம் நடத்திய பெண்கள் அல்லவா!

அதே போரில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துப்போன பல்லாயிரம் பேரின் நினைவும் வந்தது. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகள் வரிசையாகப் பெயரோடு இருக்கின்றன. நம்மவர்களைப் புதைத்த இடங்களில் பெயர் கிடையாது.

எழுதும் முறை

பெயர்த்துணிக்கு வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் பருத்தி, நெருக்கமாக நெய்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். மை அதில் பிடிக்காது. புதுத்துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும்; அதன்மேல் எழுதினால் முதல் சலவையில் கஞ்சியோடு எழுத்தும் இறங்கிவிடும். ஆகவே முதலில் வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, மணத்தைலம் எதுவும் சேர்க்காமல் உலர்த்தி, இஸ்திரி போடவேண்டும். அகலம் பதினைந்து, உயரம் பத்து சென்டிமீட்டர் இருந்தால் நாலைந்து வரி எழுதலாம். மடித்துத் தைக்க நாற்புறமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விடவேண்டும்.

எழுதும்போது துணி நழுவும். தச்சர்கள் மரம் தேய்க்கும் மணல் தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி அடியில் வைத்தால் ஒரு நூல்கூட நகராது. (இதை எனக்குச் சொன்னது எங்கள் பள்ளித் தோட்டக்காரர்.) பேனாவை அழுத்தாமல் மெதுவாக இழுங்கள், அழுத்தினால் முனை நசுங்கும். ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, மேலே வேறு துணியை வைத்து, நீராவி இல்லாமல் சூடாக இஸ்திரி போடுங்கள். எழுதுமுன் அதே துணியின் துண்டில் ஒரு சொல் எழுதி, இப்படியே சூடு காட்டி, இரண்டு மூன்று முறை துவைத்துப் பார்ப்பது உத்தமம். நான் அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

படப்பிரதிக் கடையில் சட்டைக்குப் படம் ஒட்டுவது போல அச்சடித்துத் தருகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். துணியின்மேல் பிளாஸ்டிக் தோல் போல உட்கார்ந்து, பின்னர் வெடித்து உரியும்.

தைக்கும் முறை

நூலும் ஊசியும் தெரிந்தவர்கள் மையை மறந்துவிடலாம். தைத்த பெயரை வெல்ல ஒன்றுமில்லை. நூல் சாயம் விடுமா என்று முதலில் பாருங்கள்: ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் வைத்துச் சூடாக இஸ்திரி போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தமிழ் எழுத்துக்கு என்று சில சங்கதிகள் உண்டு. வெள்ளைக்காரர்களின் குறுக்குத் தையல் கட்டம் கட்டமாகப் போவது. நேர்கோடுகள் நிறைந்த அவர்கள் எழுத்துக்குப் பொருந்தும். நம் எழுத்தோ வளைந்து சுழிவது. 'ணை'யைக் கட்டத்தில் தைத்துப் பாருங்கள், நண்டு ஊர்ந்தது போல இருக்கும். பின்தையலோ காம்புத் தையலோதான் நமக்குச் சரி. எழுத்தின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் 'ன'வும் 'ண'வும் ஒன்றாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம் புள்ளி. சாதாரணத் தையலில் புள்ளி வைத்தால் துவைக்கத் துவைக்க அமுங்கிக் காணாமல் போகும். புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகி, பெயரே மாறிவிடும். ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கும் முடிச்சுத் தையல் போடுங்கள். அது மணி போல எழுந்து நிற்கும். கண் தெரியாதவர்கள்கூட விரலால் தடவிப் பார்க்கலாம்.

பெயர்த்துணியைப் போர்வை முடிந்த பிறகு ஒட்டுவதுதான் வழக்கம். அதைவிட நல்லது, அடித்துணியில் முன்பே தைத்துவிட்டுப் பிறகு நூலோட்டுவது. நூலோட்டம் பெயர்த்துணிக்குள்ளும் ஊடுருவிப் போவதால் பிரித்தெடுக்க முடியாது. முடிந்த போர்வையானால், சதுரத் துணியை மூலைவாட்டில் முக்கோணமாக மடித்துப் போர்வையின் மூலையில் வையுங்கள். இரண்டு பக்கம் ஓரப்பட்டிக்குள் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் கையால் தைத்தால் போதும்.

என்ன எழுதுவது?

'அம்மா தைத்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த அம்மா? ஐம்பது வருடம் கழித்து அதைக் கையில் எடுப்பவருக்கு உங்கள் அம்மா யாரோ ஒருத்தி. முழுப்பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், யாருக்காக, எதற்காக, எந்த வருடம். ஊர் பெயரை அவசியம் எழுதுங்கள். தோட்டத்தின் பெயரோடு எத்தனையாவது டிவிசன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கமெல்லாம் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்த இடங்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். லயம் இருந்த இடத்தைக் காட்ட ஒரு மாமரம்கூட இல்லாத தோட்டங்கள் உண்டு.

தமிழில் எழுதிவிட்டு, கீழே ரூமியிலும் ஒரு வரி எழுதுங்கள். தமிழாசிரியை இப்படிச் சொல்லலாமா என்று சிலர் வருத்தப்படக் கூடும். தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பேரப்பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். பாட்டியின் பெயரை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்? அடையாள அட்டையில் உள்ள எழுத்துக் கூட்டலைப் பார்த்து எழுதவேண்டாம். அந்தக் காலத்தில் பதிவு செய்தவர் காதில் விழுந்ததை எழுதிய பெயர்கள் எத்தனையோ. வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதுங்கள்.

ஆயாவின் போர்வைக்கு வருகிறேன். இந்த முறை சிவப்பு நூல்தான். எழுத்தை வரைந்து கொடுத்தது நான். தையல் கற்றுக்கொடுத்தது நான் கடிந்துகொண்ட அதே மாணவி. அப்போது அவள் படிவம் ஒன்று. இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டவர்கள் சனிக்கிழமைகளில் வந்து தங்கள் சதுரத்தைத் தாங்களே தைத்தார்கள். தோட்டத்தை விட்டுக் குடும்பத்தோடு போய்விட்ட பிள்ளைகளின் சதுரங்கள் எவை என்றுதான் தெரியவில்லை. ஆயாவைக் கேட்டோம். பெயர் படிக்கத் தெரியாதவர், துணியைத் தடவிப் பார்த்தே சொன்னார்: "இது அதுங்க தாத்தா கைலி. இது அவ ஆத்தா கல்யாணத்துக்கு மறுநாளு கட்டியிருந்த சேலை. நான்தான் மடிச்சு வச்சேன்."

இரண்டு மட்டும் மிஞ்சிவிட்டன. இரண்டிலும் சுற்றியிருப்பது பள்ளிச் சீருடையின் கருநீலத் துணி. பிள்ளைகள் யார் என்று தெரியும். எது யாருடையது என்றுதான் தெரியவில்லை. ஒரு குடும்பம் ஜொகூருக்கும் மற்றொன்று கிள்ளானுக்கும் போனதாகக் கேள்வி. ஏதோ ஒன்றில் ஒரு பெயரைத் தைத்துவிடலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான்தான் சொன்னேன்.

"வேணாம் டீச்சரம்மா. அதுங்க வரட்டும்" என்றார் ஆயா.

அந்த இரண்டு சதுரங்களும் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. மீதி நூலை உருட்டி, ஊசியோடு போர்வையின் மூலையில் ஒரு சிறு பையில் போட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறோம்.